கடைத்தெருச் சண்டை

“இந்தக் குடை விரிச்சா மூடுமா? இல்ல, உங்க வாய் மாதிரியா?”

குடைக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். முகம் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. ஒரு காலத்தில் இந்தக் கடைத்தெருவையே அதட்டி வைத்திருந்த குரல். மீசைதான் காணோம்.

“மீசைக்காரரா?” என்றார்.

“அதே கான்ஸ்டபிள்தான். வேலை போனதும் மீசையும் போச்சு. மக வீட்டுக்கு வந்தேன், மழை பிடிச்சுக்கிச்சு. அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு நுழைஞ்சேன்.”

‘வேலை போனதும்’ என்றது குடைக்கடைக்காரரைச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்றுதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். இப்போது எதிரே வந்து நிற்கிறார், பேச்சு வரவில்லை. ஊரிலேயே பெரிய வாய் என்று பெயரெடுத்த வாய் அது.

எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையை ஆட்டினார். விளக்குக்கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். வந்தவரும் ஆளை அடையாளம் கண்டதும் திருதிருவென்று விழித்தார்.

“இது என்ன அதிசயம், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்காருறீங்க” என்று சிரித்தார் மீசைக்காரர். “சந்தை நாள் வந்தா உங்க சண்டையைப் பார்க்கத்தானே பாதி ஊர் இங்க நிக்கும்.”

நின்றது உண்மைதான். அது வெள்ளைக்காரர் ஆட்சி. நாலு பேர் கூடி அரசியல் பேசினால் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஆனால் இரண்டு கடைக்காரர்கள் வாய்ச்சண்டை போட்டால் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது வியாபாரிகள் சங்கம். விளக்குக்கடைக்காரர் சுதந்திரத்துக்கு வாதாடுவார். சீமைக் குடை விற்கிற இவர் துரைக்கு வால் பிடிப்பார். வால் பிடிக்கிற சாக்கில், “நாளைக்குக் கடையை மூடிட்டு மணிக்கூண்டுக்கிட்ட கூடப்போறீங்களாமே, வெட்கமா இல்ல?” என்று தெருவே அதிரக் கத்துவார். நாளும் இடமும் ஊருக்குத் தெரிந்துவிடும். குட்டையானவர்களை முன்னால் விட்டு, நெட்டையானவர்களைப் பின்னால் தள்ளி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர் சாட்சாத் மீசைக்காரர்.

சண்டைக்கு முந்தின நாள் கடையைச் சாத்தியதும் குடைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு வசவையும் ஒத்திகை பார்ப்பார்கள். வெளியே மீசைக்காரரின் பூட்ஸ் சத்தம் கேட்டால் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல வியாபாரம் பார்த்தாயிற்று. அந்த நாட்களின் ருசி எதிலும் இல்லை என்று குடைக்கடைக்காரர் இப்போதும் ஏங்குவார். ஆனால் அந்த ஏக்கத்தின் கடைசியில் எப்போதும் மீசைக்காரர் வந்து நிற்பார்.

“நீ சொல்லேன்” என்று முழங்கையால் இடித்தார் விளக்குக்கடைக்காரர்.

“நீதானே மாலை வாங்கின தியாகி, நீ சொல்லு.”

“மறந்தது யாரு?”

“என்னய்யா ரெண்டு பேரும் புதுப்பொண்ணு மாதிரி குசுகுசுன்னு?” என்றார் மீசைக்காரர்.

குடைக்கடைக்காரர் மென்று விழுங்கினார். “அண்ணே, அந்தச் சண்டை எதுவும் நிஜமில்ல. அத்தனையும் நாடகம். உங்க கண்ணு முன்னாலேயே கூட்டம் போட்டோம்.”

மீசைக்காரர் குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசிச் சண்டை ஞாபகம் இருக்கா? மணிக்கூண்டுல போலீஸைப் போடப்போறாங்கன்னு தெரிஞ்சு சங்கத்துல இடத்தை மாத்திட்டாங்க. புது இடத்தை நான்தான் கத்தணும். பார்த்தா, துரையே குதிரையில வந்து நிக்கிறான். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நாளைக்குன்னு சொல்லிட்டேன், எங்கேன்னு வரல. இவன் கண்ணை உருட்டுறான். இவன் வாயால சொன்னா அங்கேயே விலங்கு.”

“அப்புறம்?” என்றார் மீசைக்காரர், யார் கதையையோ கேட்பவர் போல.

“அப்புறம் நீங்கதான் தடியை ஓங்கிக்கிட்டு, ‘கலைஞ்சு போங்கடா, நாளைக்கு எவனாவது ஆத்துப் பாலத்துப் பக்கம் தலை காட்டினீங்க, தோலை உரிச்சிடுவேன்’னு விரட்டினீங்க. மறுநாள் ஊரே பாலத்துல நின்னுச்சு. போலீஸ் மணிக்கூண்டுல நின்னுச்சு.”

“துரைக்கு நம்ம பேச்சு புரியல. பின்னால யாரோ எடுத்துச் சொல்லியிருக்காங்க” என்று விளக்குக்கடைக்காரர் மெல்லச் சொன்னார். “ஒரே வாரத்துல உங்க சட்டையைக் கழட்டிட்டாங்க.”

“எங்கேயோ அரைகுறையா காதுல விழுந்ததை நீங்க உளறிட்டீங்க, பாவம்” என்றார் குடைக்கடைக்காரர். “பொண்டாட்டி பிள்ளைகளோட வண்டியில இந்தத் தெரு வழியாத்தான் போனீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். வெளியில வந்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரல. ஒண்ணும் தெரியாத மனுஷன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டோமேன்னு இத்தனை வருஷமா உறுத்துது. எங்களை மன்னிச்சிடுங்க அண்ணே.”

குடைக்கடைக்காரர் கைகூப்பினார். விளக்குக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசைக்காரர் குடையை விரித்தார். மடக்கினார். “மூடுது” என்று திருப்தியாகத் தலையாட்டி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“மன்னிப்பு கிடக்கட்டும். எனக்கும் ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்” என்று குடைக்கடைக்காரரின் தோளில் கை வைத்தார். “முந்தின நாள் உள்ளே ஒத்திகை பார்த்தப்போ ‘ஆத்துப் பாலம்’னு கணீர்னு சொன்னீங்களே, யாரும் பக்கத்துல வந்துடாம நானும் வாசல்ல காவல் நின்னேனே. மறுநாள் எப்படிய்யா மறந்தீங்க?”