பத்து விரல்

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒருவனும் இன்னொருவனுக்குச் சேவை செய்ததில்லை, போட்டோவுக்கு நடித்திருக்கிறான், அவ்வளவுதான் என்று பேருந்திலேயே அறிவித்துவிட்டான் பிளஸ் ஒன் திருமாறன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் அவன் சேர்ந்தது சான்றிதழுக்காக. முதியோர் இல்லத்தில் அவனுக்குக் கிடைத்த வேலை, சாமிதாஸ் என்ற பெரியவருக்கு நகம் வெட்டுவது. அவர் பத்து விரல்களையும் நீட்டினார். எல்லா நகமும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"நகமே இல்லையே தாத்தா?"

"இந்த வாரம் மூணு ஸ்கூல் வந்துட்டுப் போச்சுப்பா. நீ சும்மா வெட்டுற மாதிரி புடிச்சுக்க."

"நடிக்கச் சொல்றீங்களா?"

"நகம் இல்லேன்னா கையை யாருப்பா தொடுவா?"

திருமாறன் பக்கத்து நண்பனைப் பார்த்துக் கண்ணடித்தான். "டேய், எனக்கு ஆஸ்கர் கன்ஃபார்ம்டா."

சார் போட்டோ எடுத்தார். மற்ற எல்லோரும் கை கழுவிவிட்டுப் பேருந்தில் ஏறினார்கள். ஹாரன் இரண்டு முறை அடித்தது. சார் வாசலில் நின்று கத்தினார்.

"மாறா, இன்னும் முடியலையா?"

"இன்னொரு கை இருக்கு சார்."

குனிந்தபடியே அடுத்த விரலைப் பிடித்து, நகவெட்டியை வெறும் காற்றில் அழுத்தினான்.