பெகிமாய்க்கு வந்த குதிரை ஈரல்

பெகிமாய்க்குக் குதிரை ஈரல் வந்துவிட்டது. ரத்தம் ஊறும் என்று தலைமை நர்ஸ் ரக்கியா தன் வீட்டில் வறுத்து, சூடு ஆறாமல் கொண்டுவந்து, ஊட்டாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று பார்த்த துர்சுனாய்க்கு வயிறு எரிந்தது.

காலையில் லேபிலிருந்து வந்த போனை எடுத்தவளே துர்சுனாய்தான். நர்ஸ்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் ரத்தப் பரிசோதனையில், பெகிமாய்க்கு வெள்ளை அணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டனவாம். பத்தாயிரத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள்; இரண்டு லட்சம் என்றால் ரத்தப் புற்றுநோய்தான்.

"மெஷின் ஏதும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் துர்சுனாய்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று, அதேதான் வருகிறது என்றாள் லேப் பெண். போனை வைப்பதற்கு முன், "அப்புறம் அக்கா, உங்க ரத்தம் உறைஞ்சுபோச்சு. மறுபடி எடுத்து அனுப்புங்க" என்றாள்.

அதுவும் துர்சுனாய்க்குக் குத்தலாகத்தான் பட்டது. நேற்று எல்லோருக்கும் ரத்தம் எடுத்தது அந்தப் பெகிமாய்தான். தன்னிடம் மட்டும் இரண்டு ட்யூப் உறிஞ்சினாளே, அதில் ஒன்றைக்கூட ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லையா? ஆனாலும் இந்த ஆஸ்பத்திரிக்கு அவள்தான் செல்லம். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, நோயாளிகள்கூட அவள் கையால்தான் ஊசி வேண்டும் என்கிறார்கள்.

செய்தி பரவியதும் மொத்த வார்டும் பெகிமாய் பக்கம் சாய்ந்தது. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத எமில் டாக்டர், நாளைக்குத் தன் காரிலேயே தலைநகர் பிஷ்கெக்கின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். அவள் இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

நேற்றுவரை அந்தப் பெண் அதே படிகளில் மான்குட்டி மாதிரி ஓடினாள். பின்னால் போன துர்சுனாய்தான் மூச்சு வாங்கி நடுவில் இரண்டு தடவை நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. இருபது வருஷமாக உழைக்கிறவளுக்கு ஒரு கோப்பை டீ கொடுக்க ஆளில்லை, நேற்று வந்தவளுக்கு ஈரல் வறுவலாம்.

'அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா' என்று ஒரு கணம் நினைத்தேவிட்டாள். உடனே பயந்து சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு 'தோபா, தோபா' என்று ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தாள்.

பெகிமாயிடம் புதிதாக ரத்தம் எடுக்கும்படி டாக்டர் துர்சுனாயைத்தான் அனுப்பியிருந்தார். ஊசியைக் கண்டதும் பெகிமாய் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு விசும்பினாள். ரக்கியா அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அழாத கண்ணு. நாங்க எல்லாரும் இருக்கோம்ல."

கண்ணாம். துர்சுனாய்க்குத் தாங்கவில்லை. இவ்வளவு பேர் சுற்றி நின்றால் எப்படி ரத்தம் எடுப்பது என்று எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"கையை நீட்டு. ஈரல் தின்ன தெம்பு இருக்குல்ல?"

பெகிமாய் கையை நீட்டவில்லை. தட்டை எடுத்துத் துர்சுனாய் பக்கம் நகர்த்தினாள். ஈரல் ஒரு துண்டுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

"நீங்க சாப்பிடுங்க அக்கா."

"உனக்கு வந்தது எனக்கு எதுக்கு? எனக்கெல்லாம் யாரு கொண்டுவரப் போறா?"

பெகிமாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஊசின்னாலே உயிர் போயிடும் அக்கா. நேத்து உங்ககிட்ட எடுத்த ரெண்டாவது ட்யூப்லதான் என் பேரை ஒட்டினேன்."