அணைக்குக் கீழே ஒரு வீடு

"ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? அணைக்கு நேர் கீழேதான் வந்து வீடு கட்டணுமா?"

பொறியாளரம்மாவின் குரலில் பாதி கோபம், பாதி மூச்சிரைப்பு. அணை மேலிருந்து சரிவில் இறங்கி வந்திருந்தார். ஆய்வுப் படிவத்தில் 'அபாய வகுப்பு: மூன்று' என்று எழுதி முடித்து, சாப்பிடக் கிளம்பலாம் என்று நினைத்த நேரத்தில்தான் கீழே கொடியில் துணி காய்வது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"இங்கே காத்து நல்லா வருதும்மா. உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் வீட்டுக்காரர்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் என் சம்சாரமும். போன வருஷம்தான் வந்தோம்."

பொறியாளரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வயசைப் பார்த்தோ விரிசலைப் பார்த்தோ அணைக்கு வகுப்புப் போடறதில்லைங்க. உடைஞ்சா கீழே உயிர் போகுமாங்கிறதுதான் கணக்கு. யாருமே இல்லைன்னா மூணாம் வகுப்பு. ஒரு வீடு இருந்தாலும் முதல் வகுப்பு."

"முதல் வகுப்புன்னா?"

"ரிப்பேரைத் தள்ளிப்போட முடியாது. மழைக்கு முன்னாடி அடிச்சுவர்ல கசிவை அடைக்கணும், மதகு ஷட்டரை மாத்தணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தூக்கம் இருக்காது."

"ஊரே அந்தத் தண்ணியைத்தானே குடிக்குது. நல்லதுதானேம்மா," என்றபடி டீயை நீட்டினார் மனைவி.

நல்லதுதான். அறுபது வருஷத்துச் சுவர் கசிவதைக் காலையில் பார்த்தபோது பொறியாளரம்மாவுக்கும் உடனே அடைக்கணும் என்றுதான் தோன்றியது. ஆனால் விதி விதிதான். இப்போதோ கசிவை விட இந்த இரண்டு உயிர்கள்தான் அவரை அதிகமாக உறுத்தின.

"சுவர் விட்டுச்சுன்னா நீங்க செருப்பு மாட்டறதுக்குள்ள தண்ணி வந்துடும். மேட்டுல மனைக்கு நானே ஏற்பாடு பண்றேன். காலி பண்றோம்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேண்டாம்மா. இது சொந்த இடம்."

"உயிர் மேல ஆசை இல்லையா உங்களுக்கு?"

"நிறைய இருக்கு," என்று சிரித்தார் அவர். மனைவியும் சேர்ந்து சிரித்தார். மனிதர்கள் எதற்குத்தான் சிரிப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா என்று பொறியாளரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது.

அரை மணி நேரம் கெஞ்சினார், மிரட்டினார். இருவரும் பிடி கொடுக்கவில்லை. நடுவில் இன்னொரு டம்ளர் டீதான் வந்தது. கடைசியில் 'மூன்று' என்பதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார். எழுதியதும் மனசு ஏனோ லேசாகிப் போனது.

"மழைக்கு முன்னாடி வேலை முடிஞ்சாகணும், வேற வழியில்லை. அதுவரைக்கும் சைரன் ஒண்ணு வைக்கச் சொல்றேன். சத்தம் கேட்டா ஒரு நிமிஷம் நிக்காம மேட்டுக்கு ஓடிடணும், சரியா?"

"சரிம்மா."

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "என்ன வேலை பார்த்தீங்க?"

"ஷட்டர் ஆபரேட்டர்."

"எங்கே?"

அவர் அணையை நோக்கி முகவாயை உயர்த்தினார். "இங்கேதாம்மா, முப்பது வருஷம். கசியுது, கசியுதுன்னு இருபத்திரண்டு மனு போட்டேன். 'கீழே யாரும் குடியில்லை, மூணாம் வகுப்பு, அவசரமில்லை'ன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்துச்சு. அதான், ரிட்டையர் ஆனதும் நாங்களே குடிவந்துட்டோம்."