முதலில் எதை மாற்றுவது

"ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபையரா, எதுல ஆரம்பிக்கிறதுன்னு நீங்கதாம்மா சொல்லணும்," என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

வந்திருந்தவள் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். பையைத் தரையில் வைத்துவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்கு வயலின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் கைவைத்துச் சூடு பார்த்தாள். வயர் நுனிகளைச் சுரண்டிப் பார்த்தாள். தான் கொண்டுவந்திருந்த ஸ்பீக்கரை இணைத்து, அதையும் பழையதையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள்.

"இது தேவலையா சார், அது தேவலையா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாக லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அவர் கேட்கிற கேள்வி அது.

"எது சத்தமா இருக்கோ, அது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரல் தெளிவில்லை என்று சொல்வார்கள், தாளம் அமுங்கிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். வெறும் சத்தத்தைக் கேட்டு அவளிடம் யாரும் வந்ததில்லை, அதுவும் இந்த வயதில்.

"செட்டுல ஒரு குறையும் இல்ல சார். ஆனா ரெண்டு ஸ்பீக்கரையும் ஏன் ஒரே சுவரோட ஒட்டி வெச்சிருக்கீங்க? பாதிப் பாட்டு சுவருக்குள்ளயே போகுது."

"வேற இடம் இல்லம்மா," என்றார். எதிர்ச்சுவர் ஓர் ஆணிகூட இல்லாமல் காலியாகக் கிடந்தது.

மனைவி போனபிறகு அந்த ஸ்டீரியோவை அவர் தூசி தட்டுவதோடு சரி. இந்த வருஷம்தான் மறுபடி போட ஆரம்பித்தார். தொடக்கத்தில் குமிழை நான்கில் வைத்தால் போதுமாக இருந்தது. பிறகு ஐந்து, ஆறு. இப்போது எட்டில் வைத்தாலும் போதவில்லை. பவர் ஏறிக்கொண்டே போகிற கண் மாதிரிதான் இதுவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதியாக உட்காரலாம்.

"முதல்ல ரூமைக் கேக்கணும் சார்," என்றாள் அவள். "எதுவும் ஓடாம இருந்தா இது எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எதை மாத்துறதுன்னு சொல்ல முடியும்."

மின்விசிறியை நிறுத்தினாள். ஸ்டீரியோ பக்கம் கையை நீட்டினாள்.

"அது பாட்டுக்கு ஓடட்டுமே. அதை எதுக்கு நிறுத்திக்கிட்டு," என்று அவர் எழுந்தேவிட்டார்.

அதற்குள் அவள் நிறுத்தியிருந்தாள்.

சட்டென்று அறை பெரிதானது போலிருந்தது. கடிகார முள் நகர்வதுகூடக் கேட்டது.

பிறகு, ஸ்பீக்கர்கள் ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப்பக்கம், கனமான ஏதோ ஒன்று அலமாரியில் மோதியது. ஒரு பெண் குரல், அழுகைகூட இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதுபோல, "போதும், போதும்" என்றது. பளாரென்று ஓர் அறை விழுந்தது.

ஆடியோக்காரி கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல யாரு சார் இருக்காங்க?"



உள்ளங்கையால் யாரோ சுவரை இரண்டு தட்டுத் தட்டினார்கள். கோபமே இல்லாத ஓர் ஆண் குரல் கேட்டது.

"அப்பா, பாட்டு நின்னுபோச்சு பாருங்க."

அவர் கை தானாகக் குமிழ்வரை போனது. போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து சொல்லியிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பார்.

கையை இழுத்துக்கொண்டார். வேட்டியைக்கூடச் சரிசெய்யாமல் வெளியே வந்து, அடுத்த கதவின் மணியை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. ஆடியோக்காரி பின்னாலேயே வந்து அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

கதவைத் திறந்தது மருமகள். முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருந்தாள். உள்ளே மகன் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா, நம்ம வீட்டுக்கு," என்றார். "சத்தம் கேட்டுது. அதான் வந்தேன்."

அவள் புரியாமல் அவரையே பார்த்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது.

"கேட்டுதா?" என்றாள். "உங்களுக்குக் காது மந்தம், அதான் பாட்டை அவ்வளவு சத்தமா வெக்கிறீங்கன்னுல்ல அவர் சொன்னாரு."

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தனை நாளும் கேட்டுதா மாமா?"

மகன் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அவர் வழிவிட்டு ஒதுங்கி, வா என்று கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தொடவில்லை. செருப்புக்கூடப் போடாமல் அவரைத் தாண்டிப் போய், பெயர்கூடத் தெரியாத அந்த ஆடியோக்காரியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.