நாலாவது அர்த்தம்

"சுரங்கத்துல இருபது வருஷம் வேலை பார்த்தேன்னீங்களே, இறங்குங்கண்ணே!" நீலாவதி கத்தினாள்.

அந்தமானில், பெரார்கஞ்சில் அவள் வீட்டுப் பின்புறம் வெட்டிக்கொண்டிருந்த கிணறு ஒரு பக்கமாகச் சரிந்து, புருஷன் பன்னீர்செல்வம் இருபதடி ஆழத்தில் இடுப்பளவு மண்ணில் சிக்கியிருந்தான்.

பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம் கோலார் தங்கவயலிலிருந்து போன மாதக் கப்பலில் வந்தவர். சுரங்கத் தொழிலாளி என்று அவர் சொல்லப்போக, அதற்கு ஊருக்குள் நாலு அர்த்தம் உலவியது. தங்கம் திருடியவர், வெடி வைத்து வேலை போனவர், வீட்டுக்கடியில் கட்டி கட்டியாய்ப் புதைத்திருப்பவர். இந்த மூன்றும் நீலாவதியின் உபயம். மண்ணுக்குள் இறங்கி வேலை செய்பவர் என்ற நாலாவது அர்த்தம் அவளுக்கு இன்றுதான் ஞாபகம் வந்தது.

"மேலே நின்னு கயிறு பிடிக்கிறவன் நகரக்கூடாதும்மா" என்றார் ஜம்புலிங்கம். விளிம்பில் நின்ற கூட்டத்தை விரட்டினார். பலகை போட்டு, உருளையில் இரண்டு கயிறு மாட்டினார். "கனத்த ஆள் இறங்கினா இன்னும் சரியும். ஒல்லியா ஒருத்தர் வேணும்."

அங்கிருந்த ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் திடீரென்று தொந்தி வந்துவிட்டது.

"பயந்தாங்கொள்ளி! தங்கம்னாதான் இறங்குவீங்களோ?" நீலாவதி ஜம்புலிங்கத்தை முறைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். "கட்டுங்க கயித்தை. நான் போறேன்."

அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டார். "இன்னொரு கயிறு அவருக்கு. ஒரு தடவை இழுத்தா நிறுத்துவேன். மூணு தடவை இழுத்தா ஏத்துவேன். கீழே பேச்சு மட்டும் கூடாது, மண் உதிரும்."

"பாப்ரே! நீலாவதியக்கா பேசாம இருக்குமா?" என்றான் எதிர்வீட்டு உதயசூரியன்.

இருந்தாள். தகர டப்பாவால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். "ஏண்டி, நீயா?" என்று ஆரம்பித்த புருஷனின் வாயைப் பொத்தினாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் வாய் திறக்காத அரைமணி நேரம் அதுதான்.

மூன்று இழுப்பு. பன்னீர்செல்வம் எழும்பினான். ஆளுயரத்தில் கால் ஒரு வேரில் மாட்டியது. ஒரு இழுப்பு. கயிறு அப்படியே நின்றது. வேரை விலக்கினாள். மறுபடி மூன்று.

அவனுக்குப் பின்னால் அவளும் மேலே வந்தபோது பெரார்கஞ்சே கைதட்டியது. உதயசூரியன் விசிலடித்தான்.

நீலாவதி நேரே ஜம்புலிங்கத்திடம் போனாள். "பயந்தாங்கொள்ளின்னுட்டேன், மன்னிச்சிடுங்கண்ணே. அரைமணிக்கே உசிரு போச்சு. அந்த இருட்டுக்குள்ள இருபது வருஷம் எப்படித்தான் இருந்தீங்களோ?"

ஜம்புலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"நான் எங்கம்மா இறங்கினேன்? மேலே சுரங்க வாசல்ல நின்னு, கீழேர்ந்து வர்ற மணியைக் கேட்டு ஆளை ஏத்துறதுதான் என் வேலை. மண்ணுக்குள்ள இறங்குறதுக்கு நம்ம தெருவுல உன்னை விட்டா ஆளில்லை."