ஓசி டிக்கெட்

"ஓசியில வர்றதுங்களுக்கு ஜன்னலோர சீட்டு கேக்குதா?"

பின்னால் நின்றிருந்த பெரியவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கரையான்சாவடியில் மகளோடு ஏறி அப்போதுதான் உட்கார்ந்திருந்த செலின் திரும்பி முறைத்தாள்.

கண்டக்டர் கஜபதி சிரித்துக்கொண்டே வந்து, அம்மாவுக்கும் மகளுக்கும் இலவசப் பயணச்சீட்டை நீட்டினார். மகள் பெனிஷா வாங்கவில்லை. கையிலிருந்த நோட்டை நீட்டினாள்.

"எனக்குக் காசு டிக்கெட் குடுங்கண்ணா."

"பெருசு பேசுனத மன்ஸுல வெச்சுக்காதம்மா. லேடீஸுக்கு ஃப்ரீ. காசு வாங்குனா எனக்குல்ல மெமோ குடுப்பாங்க?"

"பரவால்லண்ணா, குடுங்க."

செலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காட்டுப்பாக்கத்தில் நாத்தனார் வீட்டில் பெண் பார்க்க வந்து காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை யூஜின், நல்ல பையன். ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களையும் பெனிஷா வாய்க்கு வாய் பேசியே விரட்டிவிட்டாள். இது மூன்றாவது. ஒட்ட வெட்டிய முடியில் சவுரியைக் கோத்துப் பின்னி, பட்டுப்புடவை சுற்றி, இவளைத் தெருவில் இறக்குவதற்குள் செலினுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"வாங்கிக்கயேன்டி! இன்னிக்கின்னு பாத்துதான் உனக்கு ரோஷம் பொத்துக்கினு வரணுமா? அங்க வந்தும் இப்பிடி மல்லுக்கட்டுனேன்னு வை, என்னை உயிரோட பாக்க மாட்ட."

"இதுக்கு ஏம்மா சாகற? டிக்கெட்டுதானே கேக்கறேன்."

பெரியவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உட்ரு கண்டக்டரே. மானஸ்தி. என் வாயத்தான் பினாயில் ஊத்திக் கழுவணும்."

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. எரிச்சலுக்கு நடுவிலும் செலினுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெத்த பொண்ணு யாருக்கும் தலை குனிய மாட்டாள்.

பெனிஷா கஜபதியைக் குனியச் சொல்லி, காதருகில் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் செலினுக்குக் கேட்கவில்லை. கஜபதியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெஷினைத் தட்டி, சீட்டைக் கிழித்தார்.

"இந்தா தம்பி."

"இன்னாது, தம்பியா?" செலின் எகிறினாள். "கண்ணு அவிஞ்சி பூட்சா உனக்கு? நான் பெத்த பொண்ணுய்யா அது!"

கஜபதி முன்னால் நகர்ந்தார்.

"அவர ஏம்மா திட்டற? நான்தான் சொன்னேன்." பெனிஷா சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒடம்புதாம்மா பொண்ணு. நான் இல்ல. ஆம்பளைங்க டிக்கெட் எடுத்துதானே ஆவணும்? யூஜின்கிட்ட நீ சொல்றியா, இல்ல நானே சொல்லட்டுமா... அவரு பொண்ணு பாக்க வந்து கீறது ஒரு ஆம்பளையன்னு?"