இடதுபக்கம் திருப்பினால்

மகன் இமானுவேல் கம்பம்மெட்டு வளைவில் விழுந்து செத்த வண்டியை, விற்பதற்காகப் பட்டறைக்குக் கொண்டுவந்திருக்கிறார் பங்கிராஸ். கொட்டகைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழும் வெயில் டேங்கின் சிராய்ப்பில் நிற்கிறது. எஞ்சின் சீராகத்தான் ஓடுகிறது. மெக்கானிக் சுருளிராஜன் ஹேண்டிலை இடதுபக்கம் திருப்புகிறான், சட்டென்று அணைகிறது. நேராக்கிக் கிளப்பினால் மறுபடி ஓடுகிறது. "ஒயர் இழுபட்டு கரண்ட் கட்டாகுதுண்ணே. மலைத் திருப்பத்துல ஆளையே கவுத்துப்புடும். தம்பி முன்னாடியே ஒண்ணும் சொல்லலையா?" "ஒரு வார்த்தை சொல்லலப்பா," என்கிறார் பங்கிராஸ். பக்கத்தில் நிற்கும் வியாகுலமேரி கணவனைப் பார்க்கிறாள். மகன் சொன்ன அன்று, "ஏலே, ஓட்டத் துப்பில்லாம வண்டியக் குறை சொல்றியா?" என்று இவர் செருப்பைத் தூக்கியபோதும் அவள் பக்கத்தில்தான் நின்றாள். சுருளிராஜன் ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போகிறான். அவள் ஹேண்டிலைப் பிடித்து, கணவனின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல், இடதுபக்கம் திருப்புகிறாள்.